ஆண்கள் வார்டில் ஒரு பெண்

சென்ற ஐப்பசியில் என் மாமனாருக்குத் திடீரென்று நீர் பிரியாமல் நின்றுவிட்டது. வயசு 74. ராத்திரி முழுக்க யாரிடமும் சொல்லாமல் புரண்டு புரண்டு படுத்திருக்கிறார். அடிவயிறு கல்லாக வீங்கின பிறகுதான் வாயைத் திறந்தார். பாளையங்கோட்டையில் ஒரு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். புராஸ்டேட் சுரப்பி பெரிசாகி வழியை அடைத்துவிட்டது, உடனே குழாய் போட வேண்டும், தேங்கின நீர் சிறுநீரகத்தையே கெடுத்துவிடும் என்றார் டாக்டர்.

தட்டோடு வந்து நின்றது ஒரு சின்னப் பெண். ஆண் நர்ஸ் அன்றைக்கு லீவு.

"பொம்பளப் பிள்ள கையாலயா? வேண்டாம், நான் இப்படியே செத்துப்போறேன்" என்று மாமா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். தினம் குறுக்குத்துறையில் ஊரே பார்க்க ஒரு துண்டோடு முங்கி எழுகிற மனுஷர்தான்!

சிஸ்டர் அவசரப்படவில்லை. திரையை இழுத்து விட்டாள். "தாத்தா, போர்வையை எடுக்கமாட்டேன். வேண்டிய இடம் மட்டுந்தான். கண்ணை மூடிக்கோங்க. இந்த வருஷம் எத்தனை வாழை போட்டிருக்கீங்க?" என்றாள். வாழைக் கணக்கு முடிவதற்குள் வேலை முடிந்துவிட்டது.

மறுநாள் அவளிடம் மெதுவாகப் பேச்சுக் கொடுத்தேன். சேரன்மகாதேவி பக்கத்துக் கிராமம். படிக்கும்போது முதல்முதலாக ஆண்கள் வார்டில் ஒருவருக்கு உடம்பு துடைத்துவிட்ட அன்று கை நடுங்கி, ராத்திரி சோறு இறங்கவில்லையாம். "இப்பவும் கூச்சம் போயிடிச்சின்னு சொல்லமாட்டேன்க்கா. ஆனா நம்ம முகத்துல அது தெரிஞ்சா, அவுகளுக்கு ரெண்டு மடங்கா ஆயிரும்" என்றாள். வேண்டுமென்றே கூப்பிட்டு அசிங்கமாகப் பேசுகிறவர்களும் உண்டாம். அந்தக் கட்டிலுக்கு மட்டும் இரண்டு பேராகத்தான் போவார்களாம். அவள் அம்மா ஊரில் கேட்பவர்களிடமெல்லாம் மகளுக்குப் பிரசவ வார்டில் வேலை என்றுதான் சொல்லி வைத்திருக்கிறாள். உண்மை தெரிந்து ஒரு சம்பந்தம் தட்டிப்போனதாம்.

எனக்குச் சுருக்கென்றது. எட்டு வருஷத்துக்கு முன் என் தம்பிக்கு ஒரு நர்ஸ் பெண்ணின் ஜாதகம் வந்தது. எல்லாம் பொருந்தியும், "ஆம்பளைகளைத் தொடுற வேலை, நமக்கு எதுக்கு?" என்று கெடுத்தவள் நான்தான். அவளிடம் இதைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

1890-களில் திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பெண்கள் பிரசவத்தில் இறந்தார்கள். ஆண் டாக்டர் தொடக்கூடாது என்று வீட்டார் மறுத்ததுதான் காரணம். அதைக் கண்ட ஐடா ஸ்கடர் அம்மையார்தான் டாக்டராகி, வேலூரில் ஆஸ்பத்திரி கட்டி, 1909-ல் நர்ஸ் பயிற்சியும் ஆரம்பித்தார். அன்றைக்குப் பெண்கள் கூச்சத்தால் செத்தார்கள். இன்றைக்கு நம் வீட்டுக் கிழவர்கள் மறைத்து மறைத்து முற்ற விடுகிறார்கள். சீனாவிலும் ஆணும் பெண்ணும் கை பட்டுப் பொருள் வாங்கக்கூடாது என்று பழைய கட்டுப்பாடு உண்டாம். ஆனால் மென்சியஸ் என்ற அறிஞர் 2,300 வருஷத்துக்கு முன்பே, அண்ணி தண்ணீரில் முழுகினால் கையை நீட்டாதவன் ஓநாய் என்றிருக்கிறார். என் மகள் படித்துச் சொன்னாள்.

குழாயோடுதான் வீட்டுக்கு அனுப்பினார்கள். அத்தைக்குக் கண் தெரியாது. இவரோ வேலைக்குப் போகிறவர். ஆக, நான்தான். சிஸ்டர் கூச்சமில்லாமல் சொல்லித்தர, நான் சுவரைப் பார்த்தபடி கேட்டேன். முன்னும் பின்னும் கையை சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். தினம் குழாய் நுழையும் இடத்தைச் சோப்புத் தண்ணீரால் சுத்தம் செய்ய வேண்டும். முன்தோலைப் பின்னால் தள்ளினால் மறக்காமல் பழையபடி முன்னால் கொண்டுவந்துவிட வேண்டும், இல்லையென்றால் இறுகி வீங்கிவிடும். பை எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டும், தரையில் படக்கூடாது, நிரம்பும் வரை விடக்கூடாது. ஜுரம், ரத்தம், நீர் வராமல் நிற்பது, இதில் எது வந்தாலும் உடனே ஆஸ்பத்திரி.

முதல் நாள் மாமாவும் நானும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. எனக்கும் கை நடுங்கியது. சிஸ்டர் செய்தது ஞாபகம் வந்து, "மாமா, கதலி இப்ப என்ன விலை போகுது?" என்றேன். கண்ணை மூடிக்கொண்டே விலை சொன்னார்.

மறுபடி காட்டப் போன அன்று அவளுக்கு நைட் டியூட்டி என்றார்கள். எல்லாம் மத்தியானமே முடிந்துவிட்டது. மாமா கிளம்பவில்லை. மடியில் ஒரு சீப்புக் கதலியை வைத்துக்கொண்டு, அவள் வருகிற வரையில் வராந்தா பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார்.