நாமினி சொந்தக்காரரா?

பாங்கியில் கணக்குத் தொடங்கினாலும், இன்சூரன்சு எடுத்தாலும், "நாமினி யார்?" என்று கேட்கிறார்கள். நாமும் ஒரு பெயரைச் சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறோம்.

நமக்குப் பிறகு பணம் அவருக்குத்தான் சொந்தம் என்று மனதில் ஒரு நினைப்பு!

அது சரியா?

பெயர்தான், பட்டம் அல்ல

"நாமினி" ஆங்கிலச் சொல். பெயர் குறிக்கப்பட்டவர் என்று பொருள். லத்தீன் மொழியில் "நோமென்" என்றால் பெயர். வடமொழியின் "நாமம்" இதற்கு உறவுச் சொல்.

சொந்தக்காரர் என்ற பொருள் இந்தச் சொல்லில் இல்லை!

வழக்குப் போட்ட தாய்

டெல்லி வழக்கு ஒன்று இதை விளக்கும்.

ஒருவர் தலா 10 ஆயிரம் ரூபாய்க்கு 2 இன்சூரன்சு எடுத்தார். மனைவியை நாமினி ஆக்கினார். 1967-ல் அவர் இறந்துபோனார். உயில் எழுதி வைக்கவில்லை.

பணம் முழுவதும் தனக்கே என்றார் மனைவி. தங்களுக்கும் பங்கு உண்டு என்று இறந்தவரின் தாயும் மகனும் வழக்குப் போட்டார்கள்.

1983-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புக் கூறியது. நாமினி பணத்தை வாங்கலாம். ஆனால் அது வாரிசுகளைச் சேரவேண்டிய பணம் என்றது. தாய், மனைவி, மகன் மூவருக்கும் சமபங்கு!

கம்பெனிப் பங்குகளுக்கும் இதே முறைதான் என்று 2023-ல் சுப்ரீம் கோர்ட்டு கூறியது.

2015-ல் இன்சூரன்சு சட்டம் திருத்தப்பட்டது. பெற்றோர், கணவன், மனைவி, பிள்ளைகள் நாமினியானால் பலனும் அவர்களுக்கே என்று எழுதப்பட்டது. அதனால் மற்ற வாரிசுகளின் பங்கு போய்விடுமா என்பதில் ஐகோர்ட்டுகள் மாறுபட்ட தீர்ப்புகள் தந்துள்ளன.

என்ன செய்யலாம்?

நாமினி வேண்டாமா? கட்டாயம் வேண்டும். நாமினி இருந்தால் குடும்பத்துக்கு அலைச்சல் குறையும். பாங்கிக் கணக்குக்கு 4 பேர் வரை நாமினி குறிக்கலாம் என்ற விதி, 2025 நவம்பர் 1 முதல் வந்துள்ளது.

பணம் இன்னாருக்குத்தான் சேரவேண்டும் என்றால் உயில் எழுதுங்கள். முத்திரைத்தாள் தேவை இல்லை. வெள்ளைத்தாள் போதும். 2 சாட்சிகள் முன்பு கையெழுத்துப் போடவேண்டும். சாட்சிகளும் கையெழுத்துப் போடவேண்டும். பதிவு செய்வது கட்டாயம் அல்ல. செய்தால் நல்லது.

கல்யாணத்துக்கு முன்பு கொடுத்த பெயரே இன்னும் இருக்கலாம். பாஸ்புத்தகத்தையும் இன்சூரன்சு பத்திரத்தையும் இன்றே எடுத்துப் பாருங்கள்!