நோயைத் தவறாகக் கணித்தால் நமக்கு என்ன வழி?



முட்டம் போன்ற நம் கடலோர ஊர்களில் இப்படி ஒரு சாவு வீட்டுக்கு நாம் எல்லோரும் போயிருப்போம். இறந்தவருக்கு ஐம்பது வயதுகூட இல்லை. இரண்டு நாளாக நெஞ்செரிச்சல் என்றார். காட்டிய இடத்தில் வாயுக் கோளாறு என்று மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். மூன்றாம் நாள் மாரடைப்பில் போய்விட்டார். அடக்கம் முடிந்து வீட்டில் செபம் சொல்கிறோம். "எல்லாம் கடவுள் சித்தம்" என்று ஆறுதல் கூறுகிறோம். அந்த மனைவியின் மனதில் மட்டும் ஒரு கேள்வி ஓடிக்கொண்டே இருக்கிறது: "அன்றைக்கே ஒரு ஈ.சி.ஜி. எடுத்திருந்தால்?"

அந்தக் கேள்வியைக் கேட்பது பாவமா? இல்லை. மருத்துவரை மதிக்க வேண்டும் என்று சீராக்கின் ஞானம் 38-ஆம் அதிகாரம் நமக்குக் கற்பிக்கிறது. ஆனால் மதிப்பது வேறு, கவனக்குறைவைக் கண்டும் காணாமல் இருப்பது வேறு. பாதிக்கப்பட்டவருக்கு நாட்டின் சட்டம் சில வழிகளைத் திறந்து வைத்திருக்கிறது. அந்த வழிகளுக்குக் காலக்கெடு உண்டு. நாம் அழுது முடிப்பதற்குள் அது கடந்துவிடக்கூடாது.

எல்லாத் தவறும் குற்றமா?

முதலில் ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்வோம். மருத்துவரின் கணிப்பு தவறிவிட்டது என்பதாலேயே அவர் குற்றவாளி ஆகிவிடமாட்டார். ஒரே காய்ச்சல் பல நோய்களின் அறிகுறியாக இருக்கலாம். 2005 ஆகஸ்டு 5 அன்று ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்சநீதிமன்றம் இதை விளக்கியது. அதே தகுதியுள்ள, கவனமான ஒரு சாதாரண மருத்துவர் அந்தச் சூழ்நிலையில் எப்படி நடந்துகொள்வாரோ, அதுவே அளவுகோல். அப்படி நடந்தும் கணிப்பு பிசகினால் அது கவனக்குறைவு அல்ல. செய்ய வேண்டிய பரிசோதனையைச் செய்யாமல் விட்டாரா, கண்முன் இருந்த அறிகுறியைப் புறக்கணித்தாரா என்பதுதான் கேள்வி.

இரண்டு தீர்ப்புகளைப் பார்ப்போம். 2002 ஜூலையில் ஐதராபாத்தில் ஒரு பெண் விட்டுவிட்டு வரும் காய்ச்சலோடும் குளிரோடும் தனியார் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அவருக்கு மலேரியா. ஆனால் டைபாய்டு என்று சிகிச்சை தந்தார்கள். நான்கு நாட்களில் வேறு மருத்துவமனைக்கு மாற்றியும் அவர் பிழைக்கவில்லை. மாவட்ட நுகர்வோர் மன்றம் 2 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கியது. மருத்துவ நிபுணரின் சாட்சியம் இல்லை என்று மாநில ஆணையம் அதைத் தள்ளுபடி செய்தது. 2010 மார்ச் 8 அன்று உச்சநீதிமன்றம் இழப்பீட்டை மீண்டும் உறுதி செய்தது. தவறு வெளிப்படையாகத் தெரியும்போது, எல்லா வழக்கிலும் நிபுணர் சாட்சியம் கட்டாயமில்லை என்றது. இது கிஷன் ராவ் வழக்கு.

இன்னொன்று நம் தமிழ்நாட்டில் நடந்தது. 1996 ஆகஸ்டில் சென்னை எழும்பூர் அரசு மகப்பேறு மற்றும் குழந்தைகள் மருத்துவமனையில் குறைமாதத்தில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. எடை 1,250 கிராம். இப்படிப் பிறந்து ஆக்சிஜன் கொடுக்கப்படும் குழந்தைகளுக்கு விழித்திரை பாதிக்கப்படும் ஆபத்து உண்டு. உரிய காலத்தில் கண்களைப் பரிசோதித்தால் பார்வையைக் காப்பாற்ற வாய்ப்பு இருக்கிறது. அந்தப் பரிசோதனை செய்யப்படவில்லை. பெற்றோருக்கும் யாரும் சொல்லவில்லை. குழந்தை பார்வையை இழந்தது. 2015 ஜூலை 1 அன்று உச்சநீதிமன்றம் சுமார் 1 கோடியே 80 லட்சம் ரூபாய் வழங்க உத்தரவிட்டது. பிறப்புக்கும் தீர்ப்புக்கும் இடையே ஏறத்தாழ 19 ஆண்டுகள். நீதி கிடைக்கும்; ஆனால் பொறுமை வேண்டும் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம்.

முதலில் காகிதங்கள்

வழக்கறிஞரைத் தேடுவதற்கு முன் செய்ய வேண்டியது இது. மருத்துவமனையில் உள்ள சிகிச்சைக் குறிப்புகளின் நகலை எழுத்து மூலம் கேளுங்கள். 2002-ஆம் ஆண்டின் மருத்துவ ஒழுக்க விதிகளின்படி, கேட்ட 72 மணி நேரத்துக்குள் அதைத் தர வேண்டும். உள்நோயாளியின் குறிப்புகளை மூன்று ஆண்டுகள் மட்டுமே வைத்திருக்க வேண்டும் என்பதும் விதி. ஆகவே தள்ளிப்போட வேண்டாம். மனு கொடுத்ததற்கு அத்தாட்சி வாங்குங்கள், அல்லது பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அரசு மருத்துவமனை என்றால் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழும் கேட்கலாம்.

ஓ.பி. சீட்டு, மருந்துச் சீட்டு, லேப் ரிப்போர்ட், ஸ்கேன் படம், பில், டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு வையுங்கள். பின்னர் சரியான நோயைக் கண்டுபிடித்த மருத்துவரின் குறிப்பு மிக முக்கியம்.

சொல்வதற்குக் கடினமான ஒன்றும் உண்டு. நம் ஊர்களில் மறுநாளே அடக்கம் செய்துவிடுகிறோம். சாவில் உண்மையான சந்தேகம் இருந்தால், அடக்கத்துக்கு முன்பே காவல்துறையில் மனு கொடுத்து உடற்கூறாய்வு கேட்க வேண்டும். அது இல்லாவிட்டால் சாவின் காரணத்தை நிரூபிப்பது பின்னர் மிகவும் சிரமமாகிவிடும்.

நுகர்வோர் ஆணையம்

சாதாரண மக்களுக்கு எளிதான வழி இதுதான். மருத்துவச் சேவையும் நுகர்வோர் சட்டத்துக்கு உட்பட்டது என்று 1995 நவம்பர் 13 அன்று வி.பி. சாந்தா வழக்கில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் உள்ள புதிய சட்டத்துக்கும் இது பொருந்தும்.

நோயாளியோ, அவர் இறந்திருந்தால் சட்டப்படியான வாரிசோ மனுச் செய்யலாம். கட்டணத்தைக் காப்பீட்டு நிறுவனம் செலுத்தியிருந்தாலும் தடையில்லை. சிலரிடம் பணம் வாங்கி ஏழைகளுக்கு இலவசமாகப் பார்க்கும் மருத்துவமனை என்றால், இலவசமாகச் சிகிச்சை பெற்றவரும் மனுச் செய்யலாம். தர்ம ஆஸ்பத்திரி என்ற பெயர் மட்டும் விலக்குத் தராது. நம் மறைபரப்பு மருத்துவமனைகளுக்கும் இதே சட்டம்தான்.

நம் பகுதி மக்களில் பலர் சிகிச்சைக்குத் திருவனந்தபுரம் போகிறோம். அதற்காகக் கேரளாவில் போய் வழக்கு நடத்த வேண்டியதில்லை. மனுதாரர் வசிக்கும் இடத்திலேயே மனுச் செய்யலாம் என்று புதிய சட்டம் கூறுகிறது. ஆகவே முட்டத்தில் குடியிருப்பவர் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை அணுகலாம். சிகிச்சைக்குச் செலுத்திய தொகை 50 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மாவட்ட ஆணையம் விசாரிக்கும். இங்கே செலுத்திய தொகைதான் கணக்கு, நாம் கேட்கும் இழப்பீடு அல்ல. செலுத்தியது 5 லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணமே இல்லை. வழக்கறிஞர் இல்லாமலும் வாதிடலாம். தீர்ப்பு பாதகமானால் 45 நாட்களுக்குள் மாநில ஆணையத்துக்கு மேல்முறையீடு செய்யலாம்.

காலக்கெடு இரண்டு ஆண்டுகள். தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால் ஆணையம் மன்னிக்கலாம். ஆனால் அதை நம்பி இருக்கக்கூடாது. அறுவைச் சிகிச்சையில் வயிற்றுக்குள் துணி விடப்பட்ட ஒரு செவிலியரின் வழக்கை 2010-ல் உச்சநீதிமன்றம் காலம் கடந்தது என்று தள்ளியது. ஒன்பது ஆண்டுகள் வலி இருந்தும் அவர் காரணத்தைத் தேடவில்லை என்பதே அதற்குக் காரணம்.

மற்ற வழிகள்

எல்லாருக்கும் முற்றிலும் இலவசமாகச் சிகிச்சை தரும் அரசு மருத்துவமனை பொதுவாக நுகர்வோர் சட்டத்துக்குள் வராது. அதனால் வழி அடைந்துவிடாது. உரிமையியல் நீதிமன்றத்தில் இழப்பீடு கேட்கலாம். உயர்நீதிமன்ற மதுரைக் கிளையில் ரிட் மனுத் தாக்கல் செய்யலாம்.

மருத்துவரின் நடத்தை குறித்துத் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலுக்குப் புகார் அனுப்பலாம். அவர் வேறு மாநிலத்தில் பதிவு செய்திருந்தால் அந்த மாநிலக் கவுன்சிலுக்கு எழுத வேண்டும். கவுன்சில் எச்சரிக்கலாம், பதிவேட்டிலிருந்து பெயரைக் குறிப்பிட்ட காலத்துக்கோ நிரந்தரமாகவோ நீக்கலாம். பண இழப்பீடு தர அதற்கு அதிகாரம் இல்லை.

குற்ற வழக்கு கடைசி வழி. கவனக்குறைவு மிகக் கடுமையானதாக இருந்தால் மட்டுமே அது நிற்கும். அரசு மருத்துவர் போன்ற நடுநிலையான ஒருவரின் கருத்தைப் பெற்ற பிறகே காவல்துறை மேல்நடவடிக்கை எடுக்க வேண்டும் என்பது ஜேக்கப் மேத்யூ தீர்ப்பு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவின்படி, சிகிச்சையின்போது கவனக்குறைவால் மரணம் விளைவித்த பதிவுபெற்ற மருத்துவருக்கு இரண்டு ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை உண்டு.

செய்யக்கூடாதவை

துக்கத்தில் கூட்டம் சேர்த்து மருத்துவமனையை உடைப்பதும், பணியாளரைத் தாக்குவதும் நம் நியாயத்தையே கெடுத்துவிடும். அதற்கென்று 2008-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம் சிறைத்தண்டனை விதிக்கிறது. அன்றைக்கே கையில் கொஞ்சம் பணம் தந்து, "இனி வழக்கு இல்லை" என்று எழுதி வாங்குவதும் நடக்கிறது. படிக்காமல், யோசிக்காமல் எந்தக் காகிதத்திலும் கையெழுத்திட வேண்டாம்.

பணம் இல்லையே என்று கலங்கவும் வேண்டாம். பெண்கள், குழந்தைகள், பட்டியல் இனத்தார், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமானம் எதுவாயினும் இலவசச் சட்ட உதவி உண்டு. வருமானம் குறைந்த மற்றவர்களுக்கும் உண்டு. நாகர்கோவிலில் உள்ள மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

நம் அன்பியங்கள் சாவு வீட்டில் செபமாலை சொல்வதோடு நின்றுவிடாமல், அந்தக் குடும்பத்தின் காகிதங்களை எடுத்து வைக்கவும், ஒரு மனு எழுதவும், நாகர்கோவிலுக்குத் துணையாகப் போகவும் முன்வந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும்! கடலுக்குப் போனவர் திரும்பாவிட்டால் ஊரே படகெடுத்துத் தேடுகிறோம். மருத்துவமனைக்குப் போனவர் திரும்பாத வீட்டுக்கும் அதே துணை வேண்டும். பழிவாங்குவதற்காக அல்ல, நடந்தது என்ன என்ற உண்மை அந்த வீட்டுக்குத் தெரிவதற்காகவும், அடுத்த நோயாளிக்கு அந்தப் பரிசோதனை செய்யப்படுவதற்காகவும்.