சிறுமலையின் பச்சை, கடலின் நீலம்

மழை ஓய்ந்த மறுநாள் காலையில் திண்டுக்கல் மலைக்கோட்டை உச்சியில் நின்றால் பக்கத்துச் சிறுமலை பச்சையாகத் தெரியும். மேற்கே, அதைவிடத் தள்ளியிருக்கும் கொடைக்கானல் மலைத்தொடர் நீலமாகத் தெரியும். இரண்டிலும் இருப்பது மரங்கள்தான். இடையில் இருக்கும் காற்றின் அளவுதான் வேறு. காற்றின் மூலக்கூறுகள் சூரிய ஒளியில் உள்ள சிவப்பைவிட நீலத்தைப் பல மடங்கு அதிகமாகச் சிதறடிக்கின்றன. மலை தள்ளிப்போகப் போக, இடைவெளியில் சிதறிய நீலம் கூடிக்கொண்டே வந்து பச்சையை மூடிவிடுகிறது. வானம் நீலமாக இருப்பதற்கும் இதுவே காரணம்.

அப்படியானால் கடல்? வானத்தின் நிழல் தண்ணீரில் விழுகிறது என்று பலரும் சொல்வோம். அந்தக் காலத்தின் பெரும் இயற்பியலாளரான ராலே பிரபுவும் ஆழ்கடலின் நீலம் வானத்தின் பிரதிபலிப்பே என்றுதான் கருதினார். அதை மறுத்தவர் நமக்குப் பக்கத்தில், திருச்சி திருவானைக்காவலில் 1888-ல் பிறந்த சி.வி.ராமன்.

1921-ல் ஆக்ஸ்போர்டில் நடந்த பல்கலைக்கழக மாநாட்டுக்குப் போன ராமன், ‘நர்குண்டா’ என்ற கப்பலில் திரும்பினார். மத்தியதரைக் கடலின் அடர்நீலம் அவரை யோசிக்க வைத்தது. கையில் நிகோல் பட்டகம் என்ற சிறு கருவி இருந்தது. தண்ணீரின் மேல்பரப்பில் ஒரு குறிப்பிட்ட சாய்வில் பட்டுத் திரும்பும் ஒளியின் அதிர்வு ஒரே தளத்துக்குள் அடங்கிவிடும். பட்டகத்தைச் சரியான கோணத்தில் திருப்பினால் அந்த ஒளி மட்டும் கண்ணுக்கு வராமல் தடைபடும். வானத்தின் பிரதிபலிப்பை இப்படி அணைத்துவிட்டு ராமன் பார்த்தார். கடல் வெளுக்கவில்லை; முன்பைவிட ஆழ்ந்த நீலமாகத் தெரிந்தது. நிறம் தண்ணீருக்குள்ளிருந்தே வருகிறது! கப்பல் பம்பாய்த் துறைமுகத்துக்கு வந்த செப்டம்பரிலேயே இதைக் கடிதமாக எழுதினார். நவம்பரில் ‘நேச்சர்’ இதழ் அதை வெளியிட்டது. சட்டைப்பையில் அடங்கும் கருவியை வைத்துக்கொண்டு, கப்பல் தளத்தில் நின்றபடி ஒரு பெரிய கேள்வியைத் தீர்த்த அந்தத் துணிச்சலை நம் பள்ளிப் பிள்ளைகள் ஒவ்வொருவரும் அறிய வேண்டும். போலராய்டு கண்ணாடி ஒன்று கிடைத்தால் ஏதாவது ஒரு கண்மாய்க் கரையில் நின்று அவர்களும் இதைச் செய்து பார்க்கலாம். கண்ணாடியை மெல்லத் திருப்பும்போது மேல்பரப்பின் பளபளப்பு மங்கி, தண்ணீரின் உள்நிறம் தெரியும்.

ராமன் இந்த நீலத்துக்குத் தண்ணீர் மூலக்கூறுகளின் சிதறலையே முதன்மைக் காரணமாகச் சொன்னார். இன்றைய அறிவியல் அதனுடன் இன்னொரு பெரிய காரணத்தையும் சேர்க்கிறது: தண்ணீர் சிவப்பை உறிஞ்சுகிறது. தண்ணீர் மூலக்கூறில் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் ஓயாமல் அதிர்ந்துகொண்டிருக்கின்றன. அந்த அதிர்வுகளின் மேல்சுரங்கள் (மடங்கு அதிர்வுகள்) சிவப்பு ஒளியோடு ஒத்துப்போவதால் சிவப்பின் ஆற்றல் அதற்குள் போய்விடுகிறது. தூத்துக்குடி ஆலையில் தயாரித்தார்களே, அந்தக் கனநீரில் ஹைட்ரஜனுக்குப் பதில் எடை கூடிய டியூட்டீரியம் இருக்கிறது. அதன் அதிர்வு மெதுவானது என்பதால் உறிஞ்சுதல் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக்கு நகர்ந்துவிடுகிறது. கனநீருக்கு இந்த நீலம் கிடையாது. கடலில் உறிஞ்சுதல் மட்டும் இருந்து சிதறல் இல்லாமல் போனால், உள்ளே போன ஒளி திரும்பாது, ஆழ்கடல் கறுப்பாகத்தான் தெரியும். சிவப்பு கழிய வேண்டும், மிஞ்சிய நீலம் நம்மிடம் திரும்பவும் வேண்டும்.

நம் மீன் மார்க்கெட்டில் சிவந்து கிடக்கும் சங்கராவைப் பாருங்கள். சுமார் 10 மீட்டர் ஆழத்துக்குள்ளேயே சிவப்பு ஒளி ஏறக்குறைய தீர்ந்துவிடுகிறது. அதற்குக் கீழே வாழும் சிவப்பு மீனின் மேல் பட்டுத் திரும்பச் சிவப்பு இல்லை. அது மங்கிய சாம்பலாகத் தெரிந்து, இரைதேடி வரும் பெரிய மீன்களின் கண்ணுக்குத் தப்புகிறது. ஆழத்தில் முக்குளிப்பவர் கையில் அடிபட்டால் ரத்தம் பச்சை கலந்த கறுப்பாகத் தெரியும். டார்ச் அடித்தால் சிவப்பு திரும்பிவிடும். தெளிந்த கடலில் 200 மீட்டருக்குக் கீழே மங்கல்தான். 1,000 மீட்டருக்குக் கீழே சூரியன் இல்லை.

இதே தண்ணீர்தான் ஆத்தூர் காமராஜர் நீர்த்தேக்கத்திலும் இருக்கிறது. மழைக்காலத்தில் அது ஏன் செம்பழுப்பாகிறது? மண் துகள்கள் மூலக்கூறுகளைவிட மிகப் பெரியவை. எல்லா நிறங்களையும் ஏறக்குறைய சமமாகச் சிதறடிக்கும். செம்மண்ணில் உள்ள இரும்பு ஆக்சைடு நீலத்தை விழுங்கிவிடும். இந்த நீரைக் கொண்டுபோகும் குடகனாறு அமராவதி ஆற்றில் சேர்ந்து, அமராவதி காவிரியில் சேர்ந்து கடலுக்குப் போகிறது. ஆறுகள் கொண்டுசேர்க்கும் வண்டல்தான் முகத்துவாரங்களை ஒட்டிய கடலை மங்கலாக்குகிறது. தனுஷ்கோடியில் ஆண் கடல், பெண் கடல் என்பார்கள். பெண் கடலான பாக் நீரிணைப் பக்கம் ஆழம் குறைவு, அடிவண்டல் எளிதில் கிளம்பும். ஆண் கடலான மன்னார் வளைகுடா தள்ளிப்போகப் போக ஆழமாகிறது, நீலமும் கூடுகிறது.

பச்சை வேறு வழியில் வருகிறது. மிதவை நுண்ணுயிர்களில் உள்ள பச்சையம் நீலத்தையும் சிவப்பையும் எடுத்துக்கொண்டு பச்சையை விட்டுவிடுகிறது. 2019-ல் மண்டபம் பக்கம் கடல் கெட்டியான பச்சையானது. மீன்கள் செத்து ஒதுங்கின. மீனவர்கள் பூங்கோரை என்று சொல்லும் நாக்டிலூகா என்ற மிதவை நுண்ணுயிர் பெருகியதே காரணம். அதன் உடலுக்குள் பச்சை நுண்பாசி குடியிருக்கிறது. இரவில் அலை அசைத்தால் நாக்டிலூகா நீலமாக மின்னும். அதே ஆண்டு ஆகஸ்டில் சென்னைக் கடற்கரைகளில் மக்கள் கூடி நின்று பார்த்ததும் இந்த ஒளியைத்தான்.

இந்த நிற வேறுபாட்டை இஸ்ரோ வானத்திலிருந்தே அளக்கிறது. 1999-ல் ஓஷன்சாட்-1, 2009-ல் ஓஷன்சாட்-2, 2022 நவம்பரில் அடுத்த செயற்கைக்கோள் என மூன்று தலைமுறைகள் ஆகிவிட்டன. பச்சையத்தின் அளவையும் கடல்மேல்பரப்பின் வெப்பத்தையும் பார்த்து, மீன் கிடைக்கக்கூடிய இடங்களை ஹைதராபாத்தில் உள்ள இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் மீனவர்களுக்கு அறிவிக்கிறது.

பச்சையத்தை அளக்கும் அந்தக் கணக்கில் ஒரு திருத்தம் தேவைப்படுகிறது. கடலுக்குள் போன நீல ஒளியில் ஒரு சிறு பகுதி, தண்ணீர் மூலக்கூறில் மோதும்போது கொஞ்சம் ஆற்றலை இழந்து பச்சை, மஞ்சள் பக்கம் நகர்ந்து வெளியே வருகிறது. கடலைப் பார்த்துவிட்டு வந்து, கல்கத்தாவில் திரவங்களில் ஒளிச்சிதறலை ஏழாண்டுகள் ஆராய்ந்து, கே.எஸ்.கிருஷ்ணனுடன் ராமன் 1928 பிப்ரவரி 28 அன்று கண்டறிந்த விளைவு இதுதான். தெளிந்த கடலில் பச்சையத்தைத் துல்லியமாக அளக்க வேண்டுமானால், செயற்கைக்கோளுக்கு வந்துசேரும் ஒளியில் ராமன் விளைவின் பங்கைக் கழித்தாக வேண்டும்.