காசநோய்: மருந்து தொடங்கும் அன்றே எடை பாருங்கள்

முதல் இரண்டு மாதம்

காசநோய்க்குப் பெரும்பாலும் ஆறு மாதச் சிகிச்சை. மருந்து முழுக்க இலவசம். அப்படியும் சிகிச்சையில் இருக்கும்போதே சிலர் இறந்துபோகிறார்கள், அதிலும் பெரும்பாலான மரணங்கள் முதல் இரண்டு மாதத்துக்குள்ளேயே நடந்துவிடுகின்றன. மருந்து வேலை செய்ய அவகாசம் கிடைப்பதற்குள் உடம்பு தோற்றுவிடுகிறது.

இதைத் தடுக்க வழி கண்டவர்கள் நமக்கு அருகிலேயே, அம்பத்தூரை அடுத்த அயப்பாக்கத்தில் இருக்கிறார்கள். ஆவடியில் இயங்கிய தொழுநோய் ஆய்வுக் களப்பிரிவையும் சென்னையிலிருந்த மருத்துவப் புள்ளியியல் ஆய்வு நிறுவனத்தையும் இணைத்து 1999இல் உருவான தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் அது. அந்த நிறுவனமும் தமிழக அரசும் சேர்ந்து 2022 ஏப்ரலில் 'காசநோய் இறப்பில்லா திட்டம்' என்பதைத் தொடங்கின.

எடை, மூச்சு, நிற்கும் தெம்பு

திட்டத்தின் அடிப்படை மிக எளிது. நோய் உறுதியானவுடன் சுகாதார நிலைய ஊழியர் சில விஷயங்களைப் பார்க்கிறார். உயரத்துக்கு ஏற்ற எடை இருக்கிறதா? உடல் நிறை குறியீடு எனப்படும் பி.எம்.ஐ. 14 அல்லது அதற்கும் கீழே இருந்தால் ஆபத்து. 160 செ.மீ. உயரமுள்ள ஒருவர் 36 கிலோவுக்கும் குறைவாக இருப்பது அந்த நிலை. இரண்டு கால்களும் வீங்கியிருந்தால் 16 இருந்தாலே ஆபத்துதான். நிமிடத்துக்கு 24 முறைக்கு மேல் மூச்சு வாங்குகிறதா, ரத்தத்தில் ஆக்சிஜன் 94 சதவீதத்துக்குக் கீழே போய்விட்டதா, பிடிமானமில்லாமல் எழுந்து நிற்க முடிகிறதா என்றும் பார்க்கிறார்கள். இதற்கெல்லாம் எடை பார்க்கும் மெஷினும் விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டரும் போதும்.

புதிதாக நோய் கண்டறியப்படுகிறவர்களில் ஏறத்தாழ நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து பேர் இப்படித் தீவிர நிலையில் இருக்கிறார்கள். மாத்திரையைக் கொடுத்து இவர்களை வீட்டுக்கு அனுப்பக் கூடாது, உடனே மருத்துவமனையில் சேர்க்க வேண்டும் என்பதுதான் திட்டத்தின் உயிர்நாடி. சுமார் 56,000 நோயாளிகளின் விவரங்களை ஆராய்ந்து, ஒருவருக்கு உயிராபத்து எவ்வளவு என்பதை முன்கூட்டியே கணித்துச் சொல்லும் முறை ஒன்றும் 2025இல் இதனுடன் சேர்க்கப்பட்டது. ஊழியரின் அவசரத்தை அந்தக் கணிப்பு கூட்டும்.

சோறும் மருந்துதான்

1956இல் சென்னையில் தொடங்கிய ஒரு காசநோய் ஆய்வு உலகத்தின் பார்வையையே மாற்றியது. சானடோரியம் எனப்பட்ட காசநோய் மருத்துவமனையில் ஓய்வும் நல்ல சாப்பாடுமாக இருந்தவர்கள் அளவுக்கே, ஏழை வீடுகளில் இருந்தபடி மாத்திரை சாப்பிட்டவர்களும் குணமானார்கள். வீட்டிலிருந்தே சிகிச்சை பெறலாம் என்ற வழி அதனால் திறந்தது. கூடவே, சாப்பாடு அவ்வளவு முக்கியமில்லை என்ற எண்ணமும் வேரூன்றிவிட்டது. அது பெரிய இழப்பு என்றே நினைக்கிறேன்.

2023 ஆகஸ்டில் லான்செட் இதழ்களில் வெளியான 'ரேஷன்ஸ்' ஆய்வு அந்த எண்ணத்தை அசைத்தது. ஜார்க்கண்ட் மாநிலத்தில் 2,800 நோயாளிகளுக்கு மாதம் 10 கிலோ உணவுப் பொருள்கள் தரப்பட்டன: அரிசி, பருப்பு, பால் பவுடர், எண்ணெய். கூடவே சத்து மாத்திரைகள். முதல் இரண்டு மாதத்தில் எடை 5 சதவீதம் கூடியவர்களுக்கு இறப்பு அபாயம் 61 சதவீதம் குறைவாக இருந்தது. 36 கிலோ உள்ளவருக்கு 5 சதவீதம் என்பது இரண்டு கிலோகூட இல்லை. நோயாளியின் வீட்டாருக்கும் மாதாமாதம் உணவுப் பொருள்களும் சத்து மாத்திரைகளும் கொடுத்துப் பார்த்தார்கள். அப்படிப் பெற்ற குடும்பங்களில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. அரிசியும் பருப்பும் சத்து மாத்திரையும் ஒரு தொற்றுநோயை இந்த அளவுக்குத் தடுத்திருக்கின்றன!

நம் பகுதியில்

அம்பத்தூர் தொழிற்பேட்டையைச் சுற்றியும் பூந்தமல்லி நெடுஞ்சாலை ஓரத்திலும் ஒரே அறையில் பலர் தங்கி ஷிப்டு வேலை பார்க்கிறார்கள். இருமலைப் பட்டறைத் தூசு என்றும், இளைப்பை வேலைக் களைப்பு என்றும் தள்ளிவிடுவது எளிது. இருமல் இரண்டு வாரம் நீடித்தாலோ, மாலையில் காய்ச்சல் வந்தாலோ, காரணமில்லாமல் எடை குறைந்தாலோ பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அரசு மருத்துவமனைக்கோ போய்ச் சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். உடன் தங்கியிருப்பவர்களும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.

நோய் வந்தவருக்குத் தட்டையும் டம்ளரையும் தனியாக வைப்பதைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். இது காற்றில் பரவும் நோய், பாத்திரத்தில் பரவாது. ஜன்னலைத் திறந்து வையுங்கள், இருமும்போது வாயை மூடச் சொல்லுங்கள். தனித்தட்டு வைத்தால் அந்த மனிதர் சாப்பிடுவதுதான் குறையும்.

சிகிச்சையில் இருப்பவரின் வங்கிக் கணக்கில் மத்திய அரசு மாதம் 1,000 ரூபாய் செலுத்துகிறது. 2024 நவம்பருக்கு முன்பு இது 500 ரூபாயாக இருந்தது. பணம் வரவில்லையென்றால் சுகாதார நிலையத்தில் கேளுங்கள். ரேஷன் துவரம்பருப்பு, முட்டை, வேர்க்கடலை, கொண்டைக்கடலைச் சுண்டல் என்று அதைச் சாப்பாடாகவே மாற்றுங்கள். மருந்து தொடங்கிய நாளின் எடையை அட்டையில் குறித்து வைத்து, மாதாமாதம் பாருங்கள். இரண்டு மாதமாகியும் ஏறவில்லையென்றால் அடுத்த மாத்திரை வாங்கும் நாள்வரை காத்திருக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். சர்க்கரை நோய் மறைந்திருக்கிறதா என்று அவர் பார்க்க வேண்டியிருக்கும்.