எந்தக் கொட்டைக்கு எந்த வண்டு? தெரியுமா?

உளுந்து டப்பாவுக்குள் ஊரும் பயறு வண்டு தனிக்கட்டை இல்லை! விதையே கதி என்று வாழும் அதன் சொந்தபந்தம் உலகம் முழுக்க சுமார் 1,700 வகை!

சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கும் பர்மா உளுந்தில் வண்டு வைத்தால் எப்படித் தெரியும்? பருப்பின் மேல் பொட்டு பொட்டாக வெள்ளை! முட்டைதானே, துடைத்துவிடலாம் என்கிறீர்களா? வெள்ளையாகத் தெரிந்தாலே முட்டை பொரிந்துவிட்டது, புழு உள்ளே போய்விட்டது! துளைக்கும்போது அது தள்ளிய தூள்தான் அந்த வெள்ளை!

வளர்ந்த வண்டுக்குச் சோறும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம்! ஆயுள் சுமார் 2 வாரம். அதற்குள் ஒரு பெண் வண்டு 100 முட்டை வரை ஒட்டிவிடும்! 30 டிகிரி வெப்பம் இருந்தால் ஒரே மாதத்தில் அடுத்த தலைமுறை. ராயபுரத்தில் அந்த வெயிலுக்கா பஞ்சம்?

வண்டைப் பிடித்தால் ஆள் யார் என்று எப்படிச் சொல்வது? ஆண் வண்டின் மீசை சீப்புப் பல் மாதிரி இருந்தால் அது 'சைனென்சிஸ்'. 1758லேயே லின்னேயஸ் பெயர் வைத்துவிட்டார்!

இன்னொரு வழி, செடியைப் பிடிப்பது! கோஸ்டா ரிகா காட்டில் சூழலியலாளர் டேனியல் ஜான்ஸென் 8 ஆண்டுகள் விதை பொறுக்கினார். கிடைத்த விதைத்தின்னி வண்டுகள் 110 வகை. அதில் நான்கில் மூன்று வகை ஒரே ஒரு செடியைத்தான் தொட்டன! செடி தெரிந்தால் வண்டு பாதி தெரிந்த மாதிரி!

புளியங்கொட்டையில் வட்டமாக ஓட்டையா? 'காரியெடான்' என்ற வண்டு வந்து போயிருக்கலாம். தடித்த பின்தொடையில் பல் வரிசை இருக்கிறதா பாருங்கள்! வேர்க்கடலையையும் விடாத ஆசாமி. இதன் புழு ஓட்டை விட்டு வெளியே வந்து காகிதம் போலக் கூடு கட்டும்!

திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் கண்ட இடமெல்லாம் சீமைக் கருவேலம் இருக்கிறதே, அது இந்தியாவுக்கு வந்தது 1877இல் தெரியுமா? அதன் இனத்து மரங்களின் தொல்லை தாங்காமல் தென்னாப்பிரிக்கா 1987இல் என்ன செய்தது? அமெரிக்காவிலிருந்து விதைத்தின்னி வண்டையே வரவழைத்து அவிழ்த்துவிட்டது! பலன்? எதிர்பார்த்த அளவு இல்லை. வண்டு வருமுன்னே நெற்றுகளை ஆடு மாடுகள் தின்று, விதையை முழுசாகச் சாணத்தோடு ஊரெல்லாம் போட்டுவிட்டன!