டோல்கேட்டில் ‘ஸ்கேன் ஆகல’... காசு கட்ட வேண்டியது யார்?

சென்னை,

டோல்கேட் பக்கம் போனால் தினமும் காதில் விழும் சண்டை இது.

“பேலன்ஸ் இருக்குண்ணே, இந்தா பாருங்க” என்று செல்போனை நீட்டுகிறார் லோடு வேன் டிரைவர். “மெஷின் எடுக்கலப்பா, காச கட்டிட்டு போ” என்கிறார் கவுண்ட்டரில் இருப்பவர். பின்னால் நாலு வண்டி ஆரன் அடிக்கிறது. வேறு வழியில்லாமல் டிரைவர் பர்சை திறக்கிறார். அந்த காசு முதலாளி கணக்கில் வராவிட்டால், டிரைவர் பேட்டாவில்தான் துண்டு விழும்.

உண்மையில் அந்த காசை அவர் கட்ட வேண்டுமா? கோளாறு வண்டியில் ஒட்டிய டேக்கிலா, டோல்கேட் மெஷினிலா என்பதை பொறுத்துத்தான் பதில்.

பேட்டரி இல்லாத ஸ்டிக்கர்

வண்டியும் ரோட்டோரத்தில் இருக்கும் மெஷினும் கம்பி இல்லாமல் பேசிக்கொள்வதுதான் பாஸ்டேக். கண்ணாடியில் ஒட்டும் அந்த ஸ்டிக்கருக்குள் பேட்டரி கிடையாது. ஒரு சின்ன சிப், அதை சுற்றி மெல்லிய உலோக ஆன்டெனா. அவ்வளவுதான்.

டோல்கேட் லேனில் தலைக்கு மேலே ஒரு பெட்டி தொங்குவதை பார்த்திருப்பீர்கள். அதிலிருந்து 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் அளவில் ரேடியோ அலை வந்துகொண்டே இருக்கும். வண்டி கிட்ட வந்ததும், அந்த அலையில் இருந்தே சிப் கரண்டை எடுத்துக்கொண்டு விழித்துக்கொள்ளும். தன் நம்பரை திருப்பி சொல்லும்.

அந்த நம்பர் டோல்கேட் கம்ப்யூட்டரில் இருந்து வங்கிக்கும், அங்கிருந்து என்.பி.சி.ஐ. அமைப்புக்கும் போகிறது. செல்போனில் யு.பி.ஐ. மூலம் பணம் அனுப்பும்போது நடுவில் நிற்கிறதே, அதே அமைப்புதான். டேக் சரியா, கறுப்பு பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்து தடுப்பு கம்பி தூக்கப்படுகிறது. உங்களுக்கு டேக் கொடுத்த வங்கி கணக்கில் இருந்து பணம் கழிந்து எஸ்.எம்.எஸ். வருகிறது.

சிப்பில் பணம் எதுவும் இல்லை. நம்பர் மட்டும்தான். பணம் வங்கி கணக்கில் இருக்கிறது. அதனால்தான் செல்போனில் பேலன்ஸ் காட்டினாலும், டேக் கிழிந்து போயிருந்தால் வண்டி நகராது.

2014-ல் மும்பை-ஆமதாபாத் ரோட்டில் சோதனையாக தொடங்கிய திட்டம் இது. 2017 டிசம்பர் 1 முதல் புது நாலு சக்கர வண்டிகளுக்கும், 2021 பிப்ரவரி 15 நள்ளிரவு முதல் தேசிய நெடுஞ்சாலை டோல்கேட்டுகளில் எல்லா லேனுக்கும் கட்டாயமானது.

தப்பு நம்ம பக்கம் இருந்தால்...

டேக் இல்லை, பேலன்ஸ் இல்லை, டேக் செத்துப்போச்சு என்றால் பொறுப்பு வண்டிக்காரருடையது. முன்பு இதற்கு 2 மடங்கு கட்டணம்தான். 2025 நவம்பர் 15-ல் அமலுக்கு வந்த விதி இதில் கொஞ்சம் இறங்கி வந்தது. ரொக்கமாக கொடுத்தால் 2 மடங்கு, யு.பி.ஐ. மூலம் கொடுத்தால் ஒன்றே கால் மடங்கு. அதாவது ரூ.100 கட்ட வேண்டிய இடத்தில் ரொக்கம் என்றால் ரூ.200, யு.பி.ஐ. என்றால் ரூ.125.

தப்பு அவங்க பக்கம் இருந்தால்...

பலருக்கு தெரியாத சங்கதி இதுதான். 2018 மே மாதம் தேசிய நெடுஞ்சாலை கட்டண விதியில் ஒரு திருத்தம் வந்தது. டேக் நல்ல நிலையில் இருக்கிறது, பேலன்சும் போதுமான அளவு இருக்கிறது, ஆனால் டோல்கேட் மெஷின் கோளாறால் பணம் எடுக்க முடியவில்லை என்றால், அந்த வண்டியை காசு வாங்காமல் விட வேண்டும். சும்மா விட்டால் போதாது. கட்டணம் பூஜ்யம் என்று போட்டு ரசீதும் கட்டாயம் தர வேண்டும்.

ஆக, வேன் டிரைவர் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான். “டேக்குல கோளாறா, உங்க மெஷின்ல கோளாறா?” கையில் பிடித்து ஸ்கேன் பண்ணும் சின்ன மெஷின் இருந்தால் அதிலும் பார்க்க சொல்லலாம். அதே லேனில் முன்னால் போன வண்டிகளுக்கும் ஸ்கேன் ஆகவில்லை என்றால் குறை எங்கே என்று தெரிந்துவிடும். முந்தின டோல்கேட்டில் பணம் எடுத்த எஸ்.எம்.எஸ். இருந்தால் அதையும் காட்டலாம்.

அப்படியும் தகராறு என்றால் காசு கட்டிய ரசீதை பத்திரமாக வாங்கிக்கொண்டு, தேசிய நெடுஞ்சாலை உதவி எண் 1033-க்கு போன் செய்யலாம். தப்பாக பணம் கழிந்திருந்தால் டேக் கொடுத்த வங்கியிலும் புகார் செய்யலாம்.

டிரைவர்கள் கவனத்துக்கு

* டேக்கை முன் கண்ணாடியின் உள்பக்கம் நடுவில், மேலே ஒட்ட வேண்டும். ஒரு முறை உரித்தால் ஆன்டெனா கிழிந்துவிடும். மறுபடி ஒட்டி பிரயோஜனம் இல்லை.

* கண்ணாடி மாற்றினால் புது டேக் கேட்டு வாங்குங்கள்.

* டேக்கை ஒட்டாமல் கையில் பிடித்து காட்டாதீர்கள். அப்படி காட்டும் டேக்கை கறுப்பு பட்டியலில் சேர்ப்பதாக 2025 ஜூலையில் நெடுஞ்சாலை ஆணையம் அறிவித்தது.

* டோல்கேட் வாசலில் நின்று ரீசார்ஜ் செய்யாதீர்கள். தகவல் போய் சேர நேரமாகலாம். வண்டி எடுக்கும் முன்பே பேலன்ஸ் பாருங்கள். சென்னையில் இருந்து திருச்சி போனால் பரனூர், ஆத்தூர், விக்கிரவாண்டி என்று வரிசையாக டோல்கேட் இருக்கிறது. மொத்தத்துக்கும் கணக்கு போட்டு பணம் வையுங்கள்.

* 24 மணி நேரத்துக்குள் திரும்பி வந்தால் போக வர சேர்த்து ஒன்றரை மடங்குதான் கட்டணம். சரியாக கழித்திருக்கிறார்களா என்று எஸ்.எம்.எஸ்.சை பாருங்கள்.

அடுத்து வருவது தடுப்பு கம்பியே இல்லாத டோல்கேட். குஜராத்தில் உள்ள சோர்யாசியில் இதை அமைக்க 2025 ஆகஸ்டில் ஒப்பந்தம் போடப்பட்டது. வண்டி நிற்காமலே போகும். மேலே இருக்கும் கருவி டேக்கையும், கேமரா நம்பர் பிளேட்டையும் படித்துவிடும். அங்கே நின்று சண்டை போட கவுண்ட்டரில் ஆள் இருக்க மாட்டார். அதனால் டேக்கை இப்போதே சரி பார்த்து வைத்துக்கொள்வதுதான் பர்சுக்கு நல்லது.