சாக்கின் தூய்மையும் விளைபொருளின் மதிப்பும்

2017 ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் இலங்கையிலிருந்து ரஷ்யாவுக்கு அனுப்பப்பட்ட தேயிலைத் தொகுதியொன்றிற் கப்ரா வண்டு காணப்பட்டது. அம்மாதம் 18 ஆந் திகதி முதல் அந்நாடு நமது தேயிலை முழுவதன் இறக்குமதியையும் தற்காலிகமாக நிறுத்தியது. பேச்சுவார்த்தையின் பயனாக மாத இறுதியில் தடை நீங்கியது. ஹட்டனிலும் நுவரெலியாவிலும் குற்றமற விளைந்த தேயிலையும் இத்தடைக்குத் தப்பவில்லை.

இவ்வண்டின் உணவு நெல், கோதுமை முதலிய களஞ்சியத் தானியங்களே. 3 மில்லிமீற்றர் அளவேயான இது பறக்கமாட்டாது. ஆயினும் சாக்கு, பெட்டி, பலகை ஆகியவற்றின் இடுக்குகளிற் புகுந்து கடல் கடக்கும். மயிரடர்ந்த இதன் புழு உணவின்றியும் ஆண்டுக்கணக்கில் உயிர்வாழும். ஆகவே பொருள் நன்றாயிருத்தல் மட்டும் போதாது. அதனைப் பொதியும் சாக்கும் தூயதாதல் வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத குற்றமும் உண்டு. 2015 இல் கிளைபொசேற் களைநாசினி தடைசெய்யப்பட்டபின், சில தோட்டங்களில் எம்.சி.பி.ஏ. என்னும் வேறொரு களைநாசினி தெளிக்கப்பட்டது. அதன் எச்சம் தமது எல்லையை மிஞ்சியதென யப்பானியர் கண்டனர். அவ்வெல்லை 100 தொன் தேயிலையில் 1 கிராம் மட்டுமே.

கமக்காரர் கைக்கொள்ள வேண்டியவை:

1. நெல்லை ஈரம் 14 சதவீதத்துக்கு மேற்படாதவாறு உலர்த்திய பின்னரே களஞ்சியப்படுத்துக.

2. பழைய சாக்குகளை உட்புறம் வெளிவரப் புரட்டி உதறி, கொதிநீரில் அமிழ்த்திக் கடும் வெயிலில் உலர்த்துக.

3. புது நெல்லை ஏற்றுமுன் களஞ்சியத்தின் பழைய மணிகளைக் கூட்டி அகற்றுக. சுவர் வெடிப்புகளைப் பூசி அடைக்குக. மூடைகளைச் சுவரிற் படாது பலகைமேல் அடுக்குக.

4. உரமோ பீடைநாசினியோ இருந்த சாக்கில் மரக்கறியை ஒருபோதும் இடற்க.

5. பீடைநாசினிப் போத்தலின் சிட்டையிற் குறித்த அளவுக்கு மேல் தெளித்தல் ஆகாது. அதிற் கூறிய நாட்கள் கழியுமுன் அறுவடை செய்தலும் ஆகாது. சந்தையில் விலை ஏறிற்றென்று நேற்றுத் தெளித்த லீக்சை இன்று பிடுங்குதல் பெருந்தவறு.

6. தெளித்த நாள், மருந்தின் பெயர், அளவு ஆகியவற்றைக் கொப்பியிற் குறித்து வைக்குக.

"எமது நெல்லும் கரட்டும் கடல் கடப்பதில்லையே" எனச் சிலர் கூறலாம். மெய்யே, அவற்றிற் பெரும்பகுதியை உண்போர் நம் நாட்டுப் பிள்ளைகளே. பிற நாட்டவருக்குத் துறைமுகத்திற் சோதனை உண்டு. நம் வீட்டு அடுப்படியில் அத்தகைய சோதனை இல்லை. அங்கே காவலர் கமக்காரர் ஒருவரே.